தோலில் ஒரு புள்ளி, சுளையில் ஒரு புழு

தென்னாப்பிரிக்க ஆரஞ்சுக்கு உலகச் சந்தையின் கதவைத் திறப்பதும் மூடுவதும் யார்?

2025 நவம்பர் 14 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். காபி, தேயிலை, வாழைப்பழம், தக்காளி, மாட்டிறைச்சி ஆகியவற்றோடு ஆரஞ்சுக்கும் அவர் விதித்திருந்த கூடுதல் இறக்குமதி வரி நீங்கியது. மளிகை விலையைப் பார்த்து அமெரிக்கக் குடும்பங்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததுதான் காரணம். ஆகஸ்ட்டிலிருந்து 30 சதவிகித வரியைச் சுமந்துவந்த தென்னாப்பிரிக்க ஆரஞ்சு ஏற்றுமதியாளர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால், அந்தத் தேதியில் அவர்களுடைய சீசன் முடிந்துபோயிருந்தது. பூமியின் தெற்குப் பாதியில் ஏப்ரல் வாக்கில் தொடங்கும் பறிப்பு அக்டோபரோடு ஓய்ந்துவிடும். வரி இருந்தபோது பழம் இருந்தது. வரி போனபோது மரத்தில் பழம் இல்லை.

டிரம்பின் வரி உலகத்துக்கே தெரிந்த கதை. தென்னாப்பிரிக்கத் தோட்டக்காரர்களை அதைவிட நீண்ட காலமாக வாட்டிவருவது வேறு. சுங்கவரிப் பட்டியலில் அது இருக்காது. தாவர நோய்த்தடுப்பு விதிமுறைகளில் இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, பழ ஏற்றுமதியில் அந்தப் பூசாரி துறைமுகத்தில் பூதக்கண்ணாடியோடு நிற்கும் தாவர ஆய்வாளர். அவர் தேடுவது இரண்டே விஷயம். தோலில் ஒரு கரும்புள்ளி. சுளைக்குள் ஒரு புழு.

ஸ்பெயினுக்கு அடுத்து உலகில் அதிக அளவில் சிட்ரஸ் பழங்களைப் புதிதாக, அதாவது சாறாக்காமல் அப்படியே, ஏற்றுமதி செய்யும் நாடு தென்னாப்பிரிக்கா. ஸ்பெயினுக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. வலென்சியாவில் லாரியில் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் ஜெர்மனி. தென்னாப்பிரிக்கப் பழம் மூன்று நான்கு வாரம் கடலில் கிடக்க வேண்டும். அப்படியும் 2025 சீசனில் அந்த நாடு அனுப்பிய பழம், 15 கிலோ பெட்டிக் கணக்கில் 20 கோடியைத் தாண்டியது. எடையாகச் சொன்னால் சுமார் 30 லட்சம் டன். இதுவரை இல்லாத சாதனை அது. முந்தைய மூன்று ஆண்டுகளில் 16 கோடியே சொச்சத்திலேயே நின்றுகொண்டிருந்த எண்ணிக்கை ஒரே தாவலில் ஏறியது. 2032-க்குள் 26 கோடிப் பெட்டி, கூடவே ஒரு லட்சம் புதிய வேலைகள் என்பது அந்நாட்டு சிட்ரஸ் விவசாயிகள் சங்கம் வைத்திருக்கும் இலக்கு.

இலக்கை எட்டத் தேவையான மரங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே நட்டாகிவிட்டது. சிட்ரஸ் கன்று காசு பார்க்கும் அளவுக்குக் காய்க்க நான்கைந்து வருடம் ஆகும். 2018-ல் ஐரோப்பாவை நம்பி நட்ட மரம் 2022-ல் காய்க்கும்போது ஐரோப்பா விதியை மாற்றியிருக்கும். நெல்லோ பருத்தியோ என்றால் அடுத்த போகத்தில் வேறு பயிருக்கு மாறலாம். மரத்தை வைத்துக்கொண்டு எங்கே மாறுவது?

தென்னாப்பிரிக்காவில் இந்தப் பழத்துக்கு வயது அதிகம். 1654-ல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் முனையில் கடை விரித்த இரண்டாம் ஆண்டே, செயின்ட் ஹெலினா தீவிலிருந்து ஆரஞ்சுக் கன்றுகள் வந்து இறங்கின. இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் மாலுமிகளை ஸ்கர்வி நோயிலிருந்து காப்பாற்றுவதுதான் நோக்கம். கேப்டவுனுக்கு வடக்கே, ஓலிஃபான்ட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஊருக்குப் பெயரே சிட்ரஸ்டால். அதன் அருகே 200 ஆண்டுக்கும் மேற்பட்ட ஓர் ஆரஞ்சு மரம் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. இன்று அதிகம் விளைவது அங்கே அல்ல. வடக்கே ஜிம்பாப்வே எல்லையை ஒட்டிய லிம்போபோ மாகாணம்தான் முதலிடம். கிழக்கு கேப், மேற்கு கேப், புமலாங்கா எல்லாம் அதற்கு அடுத்தவை.

இந்தப் பழத்துக்குக் கதவடைப்பு ஒன்றும் புதிதல்ல. நிறவெறி ஆட்சிக் காலத்தில் தென்னாப்பிரிக்க ஆரஞ்சு முழுவதும் ஒரே வாரியத்தின் வழியாக, ‘அவுட்ஸ்பான்’ என்ற ஒரே முத்திரையில்தான் வெளியே போனது. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் அந்த முத்திரைக்கு எதிராகப் புறக்கணிப்பு இயக்கம் கிளம்பியது. கறுப்பின மனிதர் ஒருவரின் தலையை ஆரஞ்சுபோல் சாறு பிழியும் கருவியில் வைத்து அழுத்துவதாக ஒரு சுவரொட்டி. பார்த்தவர் மறந்திருக்க மாட்டார். டச்சுக் கடைகள் பல அவுட்ஸ்பானை அலமாரியிலிருந்து எடுத்தன. நிறவெறி ஆட்சி வீழ்ந்து, 1997-ல் ஒற்றை வாரிய முறையும் ஒழிந்தது. இன்று ஐரோப்பாவுக்குப் போகும் தென்னாப்பிரிக்கப் பழத்தில் பெரும்பங்கு முதலில் இறங்குவது அதே நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில். அரசியல் பூட்டிய கதவு திறந்தது. அதன் பிறகு வந்தது அறிவியலின் பூட்டு. அது முழுக்க அறிவியல்தானா என்பதுதான் இப்போதைய வழக்கு.

கரும்புள்ளி

முதலில் புள்ளியின் கதை. சிட்ரஸ் கரும்புள்ளி நோய் ஒரு பூஞ்சையால் வருவது. பழத்தின் தோலில் அம்மைத் தழும்புபோல் சிறு கறுப்புக் குழிகள் விழும். உள்ளே சுளைக்கு ஒன்றும் ஆகாது. சாப்பிடுகிறவருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. 1890-களில் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட இந்த நோய் தென்னாப்பிரிக்காவில் 1929-ல், நம்மவர்களுக்கு காந்தியின் பெயரோடு நினைவில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத்தில் பதிவானது.

ஐரோப்பாவில் இந்த நோய் இல்லை. அதனால் ஒரு புள்ளிகூட வரக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலை. பழத்தில் சிக்கல் என்னவென்றால், நோய் பிடித்த தோல் பறிக்கும்போது பளிச்சென்று இருக்கும். பேக்கிங் ஹவுஸில் நூறு கண் பார்த்தாலும் தெரியாது. கப்பலில் வாரக்கணக்கில் பயணித்து, வெதுவெதுப்பு கண்டபின் ராட்டர்டாமில் புள்ளி எட்டிப்பார்க்கும். அனுப்பியவர் பொய் சொல்லவில்லை, பிடித்தவரும் பொய் சொல்லவில்லை. அபராதம் மட்டும் நிஜம். 2013-ல் இப்படி 35 முறை பிடிபட்டதும், அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் நோய்ப் பகுதிகளிலிருந்து வரும் பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் கதவை மூடியது. சீசனின் கடைசிக் கட்டம் என்பதால் அடி உயிர்போகும் அளவுக்கு இல்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மருந்து தெளிப்பு, தோட்டப் பரிசோதனை, சான்றிதழ் என்று செலவு ஏறிக்கொண்டே போனது.

இந்த இடத்தில்தான் விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். பூஞ்சை பரவுவது பெரும்பாலும் மரத்தடியில் மக்கும் இலைச் சருகிலிருந்து. பழம் அந்த வேலையைச் செய்வதில்லை. அதோடு வெப்பமும் மழையும் சேர்ந்து வரும் கோடை இல்லாத மத்தியதரைக்கடல் வானிலையில் அது வேரூன்றாது என்கிறது தென்னாப்பிரிக்கத் தரப்பு. சாட்சி அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேற்கு கேப் மாகாணத்தின் வானிலை ஸ்பெயினைப் போன்றது. நோயுள்ள மாகாணங்களின் பழம் பல பத்தாண்டுகளாக அங்கே தடையின்றி விற்பனையாகியும் அங்கே நோய் வரவில்லை. அமெரிக்காவின் வேளாண் துறையே 2010-ல் ஆராய்ந்து, பழத்தால் நோய் பரவும் வாய்ப்பு பொருட்படுத்தத்தக்கதல்ல என்று எழுதியது. அதே ஆண்டுதான் ஃபுளோரிடாவில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. தன் பழத்தை மற்ற மாநிலங்களுக்கு அனுப்ப அமெரிக்காவுக்கு அந்த முடிவு தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் மற்ற மாகாணப் பழத்துக்கு மட்டும் அதே முடிவு அமெரிக்கக் கதவைத் திறக்கவில்லை! மேற்கு கேப்பும் வட கேப்பின் சில பகுதிகளும்தான் அங்கே அனுப்ப முடிந்தது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-ல் தந்த அறிக்கையோ, நோய் வந்து நிலைகொள்ள மிதமான வாய்ப்பு உண்டு, ஆனால் இதில் நிச்சயமின்மை அதிகம் என்ற முடிவுக்கு வந்தது. 2017-ல் இத்தாலி, மால்டா, போர்ச்சுகல் தோட்டங்களின் சருகில் இந்தப் பூஞ்சை இருப்பதாக ஓர் ஆய்வு வந்தபோது தென்னாப்பிரிக்கர்கள் துள்ளினார்கள். பூஞ்சை வந்தும் நோய் வரவில்லை பாருங்கள் என்றார்கள். அரசுகள் எடுத்த கணக்கெடுப்பில் அது உறுதியாகவில்லை என்றது ஐரோப்பா. 2019-ல் அடி எதிர்ப்பக்கம் விழுந்தது. மத்தியதரைக்கடலை ஒட்டிய துனிசியாவில், நாபுல் பகுதியில், நோயே கண்டறியப்பட்டது. மத்தியதரைக்கடல் வானிலையில் வராது என்று அடித்துச் சொன்னவர்களுக்கு அது சங்கடம். இந்த வழக்கில் தென்னாப்பிரிக்கா பக்கம் முழு நியாயமும் இருக்கிறது என்று எழுதும் ஏற்றுமதிச் செய்திகள் துனிசியாவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

புழு

இரண்டாவது, ‘ஃபால்ஸ் காட்லிங் மாத்’ என்னும் அந்துப்பூச்சி. ஆப்பிரிக்காதான் அதன் பிறப்பிடம். தாய்ப்பூச்சி பழத்தின் மேல் முட்டையிடும். பொரித்த புழு ஊசித் துளைபோல் தோலைக் குடைந்து உள்ளே போய்விடும். ஆரஞ்சு மட்டுமல்ல, மாதுளை, குடைமிளகாய், ரோஜா என்று அது குடியேறும் இடம் பல. கரும்புள்ளியைப் போல இதை வெறும் அழகுக் குறை என்று தள்ள முடியாது. நிஜமான பூச்சி, நிஜமான சேதம்.

பூச்சியை அடக்கத் தென்னாப்பிரிக்கர்கள் செய்யும் வேலை ஆச்சரியமானது. சிட்ரஸ்டாலில் 2007 முதல் ஒரு பூச்சி வளர்ப்புக் கூடம் இயங்குகிறது. லட்சக்கணக்கில் அந்துப்பூச்சிகளை வளர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கி, தோட்டங்களுக்கு மேல் வானூர்தியில் பறந்து தூவுகிறார்கள். காட்டுப் பூச்சி மலட்டுப் பூச்சியோடு கூடினால் சந்ததி இல்லை. தீவனத்தில் சாயம் கலந்து வளர்ப்பதால், பொறியில் விழுந்தது தங்கள் பூச்சியா தோட்டத்துப் பூச்சியா என்று பிரித்தறிய முடிகிறது. இதோடு வாராவாரம் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி அழிப்பது, ஆண் பூச்சியைக் குழப்பும் வாசனைப் பொருளைத் தொங்கவிடுவது, பொறி எண்ணிக்கையைப் பார்த்து எந்தத் தோட்டப் பழம் ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று முடிவுசெய்வது, பறித்தபின் வெட்டிப் பார்ப்பது, கப்பலில் அளவான குளிர் என்று பல அடுக்குகள். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பூச்சிக்கு விதி கொண்டுவந்தபோது இந்தப் பல்லடுக்கு முறையைத்தான் ஏற்றுக்கொண்டது.

2022-ல் அது போதாது என்றார்கள். பூச்சி பிடிபடுவது நிற்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். புதிய விதிப்படி ஆரஞ்சைக் கப்பல் ஏற்றும் முன்பே குளிரவைத்து, பிறகு 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் 25 நாள் வரை வைத்திருக்க வேண்டும். விதி வெளியானது ஜூன் மூன்றாம் வாரத்தில். ஐரோப்பாவில் வந்திறங்கும் சரக்குக்கு அது நடைமுறைக்கு வந்த தேதி ஜூலை 14. நடுவில் இருந்தது ஏறக்குறைய மூன்று வாரம். டர்பனிலிருந்து ராட்டர்டாம் போகவே அதற்கு மேல் ஆகும். அதாவது, பழைய விதிப்படி சான்றிதழ் வாங்கி, பழைய விதிப்படி குளிரவைத்துக் கிளம்பிய கப்பல், நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே குற்றவாளியாகிவிட்டது. நூற்றுக்கணக்கான கண்டெய்னர்கள் ஐரோப்பியத் துறைமுகங்களில் முடங்கின. ஒரு நாற்பதடி குளிர்க் கண்டெய்னரில் சுமார் 1,600 பெட்டி இருக்கும். சான்றிதழை மாற்றி எழுதி விடுவிக்கும் ஏற்பாடு ஆகஸ்ட்டில் வந்தது. அதற்குள் பழம் அதன் வேலையைக் காட்டியிருந்தது.

இங்கே ஒரு கேள்வி நியாயமாக எழும். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது உறைநிலைக்கும் சற்றுக் கீழே, மூன்று வாரத்துக்கு மேல் குளிரவைத்துத்தானே அனுப்புகிறார்கள்? ஜப்பானுக்கும் அப்படித்தானே? ஐரோப்பா கேட்டால் மட்டும் ஏன் கசக்கிறது?

அளவுதான் பதில். அமெரிக்கா வாங்குவது மொத்தத்தில் சுமார் 5, 6 சதவிகிதம். ஐரோப்பிய ஒன்றியம் வாங்குவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அத்தனை பழத்தையும் அந்தக் குளிரில் வைக்கக் கோல்டு ஸ்டோரேஜ் இடமும் இல்லை, குளிர்க் கப்பலும் இல்லை. 2022, 2023-ல் அங்கே அடிக்கடி மணிக்கணக்கில் மின்வெட்டு வேறு. எல்லா ரகமும் கடுங்குளிரைத் தாங்காது. தோல் குழிந்து, பழுப்பேறி, கடைக்காரர் திருப்பி அனுப்பும் நிலைக்கு வந்துவிடும். இயற்கை முறையில், மெழுகும் ரசாயனமும் இல்லாமல் அனுப்புகிறவர்களுக்கு அடி இன்னும் பலம். கரும்புள்ளிக்கும் இந்தப் பூச்சிக்கும் சேர்த்து ஐரோப்பிய விதிகளைக் கடைப்பிடிக்க ஆண்டுக்கு 370 கோடி ராண்ட் ஆகிறது என்பது சிட்ரஸ் விவசாயிகள் சங்கத்தின் கணக்கு. நம் பணத்தில் சுமார் 1,800 கோடி ரூபாய். சங்கத்தின் கணக்கு சங்கத்துக்குச் சாதகமாகத்தான் இருக்கும். பாதியாக வைத்தாலும் சிறு தொகையல்ல. ஆயிரம் ஏக்கர் தோட்டமும் சொந்தக் குளிர்க் கிடங்கும் உள்ள நிறுவனம் இதைப் பெட்டிக்குச் சில ராண்ட் என்று பிரித்துப் போட்டுக்கொள்ளும். நிறவெறிக்குப் பிறகு நிலம் கிடைத்து, கடன் வாங்கி மரம் நட்ட கறுப்பின விவசாயிக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு விஷயம் தென்னாப்பிரிக்கர்களை உறுத்துகிறது. இதே பூச்சி ரோஜாவிலும் வருகிறது. கென்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ரோஜாவுக்கு 2025 ஏப்ரலில் கடும் விதி வந்தபோது, பல்லடுக்கு முறையைக் கடைப்பிடித்து அனுப்ப வழி வைத்தார்கள். ரோஜாவை 25 நாள் குளிரில் வைத்தால் என்ன மிஞ்சும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பது காரணமாக இருக்கலாம். ஐரோப்பாவில் ரோஜா விவசாயிகளுக்கு வலென்சியாக்காரர்களின் குரல் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

வலென்சியாவின் கோபம்

ஸ்பெயின் விவசாயியை வில்லனாக்கி இந்தக் கதையைச் சொல்வது சுலபம். பிரஸ்ஸல்ஸில் விதியை இறுக்கச் சொல்லி விடாமல் அழுத்தம் கொடுத்தவர்கள் வலென்சியாவின் விவசாய அமைப்புகள் என்பதில் ரகசியம் இல்லை. ஸ்பெயின் சீசன் அக்டோபர், நவம்பரில் தொடங்கும். அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் கடைசிச் சரக்கு கடையில் இருந்தால் புதுப் பழத்தின் விலை படுத்துவிடும். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நாடுகளோடு போட்ட பொருளாதார ஒப்பந்தம் அந்த இடைவெளி மாதங்களின் வரியையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டது. 2018-19 சீசனில் வலென்சியாவில் விலை சரிந்து, பழம் மரத்திலேயே அழுகியபோது அங்கே தெருவில் எழுந்த கோபம் முழுக்க தென்னாப்பிரிக்காமீது திரும்பியது. ஆக, பூச்சி விதியின் பின்னால் விலைப் பயம் இருக்கிறது என்று தென்னாப்பிரிக்கர்கள் சந்தேகிப்பதில் தப்பில்லை.

ஆனால், வலென்சியாவுக்கு ஒரு பழைய காயமும் இருக்கிறது. 2009-ல் அங்கே ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. பிஞ்சிலேயே சாறு உறிஞ்சி, பழத்தைக் கோணல்மாணலாக்கி விற்க முடியாதபடி செய்துவிடும். அதன் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. ஊர்க்காரர்கள் அதைத் ‘தென்னாப்பிரிக்கப் பூச்சி’ என்றே அழைக்கிறார்கள். பல ஆயிரம் ஹெக்டேரில் அது இன்றும் அவர்களை அலைக்கழிக்கிறது. அது கப்பலில் வந்த பழத்தோடுதான் வந்ததா என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. ஒருமுறை இப்படிச் சூடுபட்ட ஊரிடம் இன்னொரு தென்னாப்பிரிக்கப் பூச்சியைப் பற்றி நிதானமாகப் பேசு என்றால் எடுபடாது. என்னைக் கேட்டால், அந்துப்பூச்சி விஷயத்தில் ஐரோப்பாவின் அச்சம் உண்மையானது, மருந்துதான் மிகை. கரும்புள்ளி விஷயத்தில் அச்சமே மிகை.

தென்னாப்பிரிக்கா வழக்கை உலக வர்த்தக அமைப்பிடம் கொண்டுபோனது. பூச்சி விதிமீது 2022 ஜூலையிலும் கரும்புள்ளி விதிமீது 2024 ஏப்ரலிலும் முறைப்படி பேச்சுவார்த்தை கோரியது. பேச்சில் ஒன்றும் நகராததால், 2024 ஜூலையில் இரண்டுக்கும் விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. உலக வர்த்தக அமைப்பில் அந்த நாடு இந்தக் கட்டம் வரை கொண்டுபோன முதல் வழக்குகள் இவை என்கிறது விவசாயிகள் சங்கம்.

முன்னுதாரணங்கள் அவர்களுக்குச் சாதகம். அமெரிக்க ஆப்பிளில் ஒரு பாக்டீரியா நோய் வரும் என்று ஜப்பான் போட்ட கெடுபிடிகளை, முற்றிய, நோயறிகுறி இல்லாத பழத்தால் அந்த நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என்று சொல்லி 2003-ல் இதே அமைப்பு நிராகரித்தது. அதே நோயைக் காட்டி 1921 முதல் நியூசிலாந்து ஆப்பிளை உள்ளே விடாத ஆஸ்திரேலியாவும் 2010-ல் தோற்றது. 2011-ல் ஆப்பிள் போனது, 90 ஆண்டுக்குப் பிறகு! வழக்கில் ஜெயிப்பதற்கும் பழம் விற்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் அந்த வழக்கு சொல்கிறது. போதாக்குறைக்கு, உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது. உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால் வந்த வினை.

மற்ற வாசல்கள்

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000-ல் வந்த ஆப்பிரிக்க வளர்ச்சி வாய்ப்புச் சட்டத்தால் தென்னாப்பிரிக்கப் பழம் அங்கே வரியின்றி நுழைந்துவந்தது. 2025 ஏப்ரலில் டிரம்ப் வரி அறிவித்தார், சில நாளில் நிறுத்திவைத்தார், ஆகஸ்ட்டில் 30 சதவிகிதமாக அமல்படுத்தினார். அந்தச் சட்டமும் செப்டம்பர் 30-ல் காலாவதியானது. நிறுத்திவைத்த இடைவெளியில் தோட்டக்காரர்கள் அவசர அவசரமாகப் பறித்துக் கப்பலேற்றியதால் அந்த ஆண்டு தப்பித்தார்கள். நாட்டின் மொத்தக் கணக்கில் அமெரிக்கா சிறு துண்டு. ஆனால், அங்கே அனுப்ப அனுமதி பெற்ற சிட்ரஸ்டால் போன்ற ஊர்களுக்கு அதுதான் வாழ்வு. கூலிவேலை, கடைத்தெரு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தப் பழத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

எதிரி வெளியே மட்டும் இல்லை. உலக வங்கி வெளியிட்ட 2023-ம் ஆண்டுக்கான கண்டெய்னர் துறைமுகப் பட்டியலில் மொத்தம் 405 துறைமுகங்கள். கேப்டவுனுக்குக் கிடைத்தது 405-வது இடம். டர்பனும் கடைசி வரிசையில்தான். காற்று பலமாக அடித்தால் கிரேன் நிற்கும். அடிக்காவிட்டால் கிரேன் பழுதாகி நிற்கும். ரயில் சேவை சீரழிந்ததால் லிம்போபோவின் பழம் ஆயிரம் கிலோமீட்டர் லாரியில் வருகிறது. கொஞ்சம் பக்கத்து நாடான மொசாம்பிக்கின் மாபுட்டோ துறைமுகத்துக்குத் திருப்பப்படுகிறது. 2025-ல் துறைமுகங்கள் ஓரளவு தேறியதும் அந்தச் சாதனை எண்ணிக்கைக்கு ஒரு காரணம்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் முரண்டு பிடித்தால் ஆசியாவுக்குத் திரும்பலாமே என்று சொல்லலாம். திரும்புகிறார்கள். 2025 ஜூனில் சீனா 53 ஆப்பிரிக்க நாடுகளின் பொருளுக்குச் சுங்கவரியை நீக்கப்போவதாக அறிவித்தபோது அதிகம் மகிழ்ந்தவர்களில் இவர்கள் உண்டு. சிலி, பெரு, ஆஸ்திரேலியா பழம் சீனாவில் ஒப்பந்தங்களின்படி வரியில்லாமல் நுழைய, தென்னாப்பிரிக்க ஆரஞ்சு 11 சதவிகிதம் கட்டிக்கொண்டிருந்தது. இந்தியாவில் ஆரஞ்சுக்கு இறக்குமதி வரி 30 சதவிகிதம். ஆஸ்திரேலியாவோடு 2022-ல் போட்ட ஒப்பந்தத்தில் அதன் ஆரஞ்சு, மாண்டரின் பழங்களுக்கு ஆண்டுக்கு 13,700 டன் வரை பாதி வரி போதும் என்று இந்தியா சலுகை தந்தது. அதே மாதங்களில் பழம் அனுப்பும் தென்னாப்பிரிக்காவுக்கு அது கிடைக்கவில்லை. பிரிக்ஸ் மாநாடுகளில் கைகோத்து நிற்கும் புகைப்படங்களால் பெட்டிக்கு ஒரு ராண்ட்கூடக் குறைவதில்லை.

நம் நாக்பூர் விவசாயிக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அவருடைய ஆரஞ்சுக்குப் பெரிய வெளிநாட்டுச் சந்தை பங்களாதேஷ். கிலோவுக்கு 20 டாக்காவாக இருந்த இறக்குமதி வரியை 2019-க்குப் பின் அந்த நாடு வருடாவருடம் ஏற்றி, 2023-ல் 88 டாக்காவில் கொண்டுவந்து நிறுத்தியது. நாக்பூரைச் சுற்றியுள்ள விதர்பாவின் பழம் உள்ளூர் மண்டியில் குவிந்து விலை சரிந்தது. ஒரே வாங்குபவரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவரை போக வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கர்கள் நூறு நாடுகளுக்கு மேல் அனுப்புகிறார்கள். அதனால்தான் இரண்டு பெரிய கதவுகள் குறுகிப்போன அதே ஆண்டில் அவர்களால் சாதனை படைக்க முடிந்தது.

ஜெனீவாவில், உலக வர்த்தக அமைப்பில், எந்தத் தீர்ப்பு வந்தாலும் விஞ்ஞானிகளின் சண்டை ஓயாது. எத்தனை டிகிரி, எத்தனை நாள், எத்தனை புள்ளி என்பதில் இரண்டு பக்கமும் பேச ஏதாவது இருக்கும். பேச்சுக்கே இடமில்லாத விஷயம் ஒன்றுதான். 2001-ல் தோகாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள், இத்தகைய தாவர நோய்த்தடுப்பு விதி வெளியான பிறகு அமலுக்கு வரச் சாதாரணமாகக் குறைந்தது ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அதில் கையைத் தூக்கியது. 2022-ல் அது கொடுத்தது மூன்று வாரம். அதுவும் கப்பல்கள் கடலில் இருந்தபோது. பூச்சி அவசரம் என்று எந்த வாதம் வைத்தாலும், அந்த மூன்று வாரத்துக்கு நியாயம் கிடையாது.